சுவரில் காடு, சன்னலில் பூட்டு

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இரண்டும் கைப்பொருளைக் கரைக்கும் வேலைகள் என்பது அதன் பொருள். ஆயினும் அப்பழமொழி பிறந்த காலத்தில், கூரை போட்டு, தரை பூசி, குருவானவரை அழைத்து மந்திரித்துவிட்டால் வீட்டு வேலை முடிந்தது. இன்று முடிவதில்லை. கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்த மறுநாள் வேறொருவர் வருகிறார். அவர் கையில் பளபளக்கும் படத்தொகுப்பு ஒன்று இருக்கிறது. கூடத்துக்கு மூங்கில் காடு, படுக்கையறைக்கு மேகம், சமையலறைக்குத் தேக்கு ரேகை, மாடிக்குப் புல்வெளி எனப் பக்கத்துக்குப் பக்கம் 'இயற்கை' என்னும் சொல் அதில் மின்னுகிறது. விலைப்பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

இக்கட்டுரை அந்தப் படத்தொகுப்புக்கு எதிரானது.

பசுமைக்கு ஏங்கும் மனத்துக்கு எதிரானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாள் முழுவதும் நெடுஞ்சாலை இரைச்சலையும் அலுவலக நெருக்கடியையும் சுமந்து வருபவர், வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மரத்தின் குளிர்ச்சியை நாடுவது இயல்பு, நியாயமும்கூட. ஆனால் அந்த நியாயமான பசிக்கு நம் கையில் திணிக்கப்படுவது உணவா, உணவின் படமா? இயற்கையின் தோற்றத்தை விலைக்கு வாங்குவதும் இயற்கையோடு இசைந்து வாழ்வதும் வெவ்வேறு. வெவ்வேறு என்பது மட்டுமில்லை, பல இல்லங்களில் முன்னது பின்னதைக் கொன்றுவிடுகிறது. இதுவே நான் சொல்ல வருவது.

நம் ஊர் வெயிலும் நம் வீட்டு அலங்காரமும்

சத்துவாச்சாரியையே எடுத்துக்கொள்வோம். சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த பகுதி இது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளும், அவற்றைச் சுற்றி எழுந்த தனி வீடுகளும் நிறைந்த இப்பகுதி 2011-இல் வேலூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஒருபுறம் பாறைக் குன்றுகள். மறுபுறம் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கும் பாலாறு. கத்திரி வெயிலில் இங்கு வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். பாறையும் கான்கிரீட் தளமும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் அதை உமிழ்கின்றன.

இத்தகைய ஊரில் ஒரு வீட்டின் உள்ளமைப்பு முதலில் எதற்கு விடை சொல்ல வேண்டும்? வெப்பத்துக்கு. காற்றுக்கு. மழைக்காலத்து ஈரத்துக்கு. ஆனால் நாம் செய்வது என்ன? சுவரில் மழைக்காட்டின் படம் அச்சிட்ட வினைல் தாளை ஒட்டுகிறோம். அத்தாளுக்குப் பின்னால் சுவர் மூச்சுவிட வழியின்றிப் பூசணம் பிடிக்கிறது. மேலே ஃபால்ஸ் சீலிங் கட்டி அதில் நீலவானம் வரைகிறோம். வாழும் அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அந்த உயரத்தையும் வெட்டிக் குறைத்து, மின்விசிறியைத் தலைக்கருகில் இறக்கிவிடுகிறோம். சீலிங் வெப்பத்தை ஓரளவு மறைக்கும் என்பது உண்மை. ஆனால் வெயிலைத் தளத்துக்கு மேலேயே தடுப்பதை விட்டுவிட்டு, அது உள்ளே இறங்கிய பிறகு திரை போடுவது எந்த வகை அறிவு?

பிறகு தூசி வருமென்று சன்னலை மூடுகிறோம். கொசு வருமென்று பூட்டுகிறோம். திரைச்சீலையின் மடிப்பு கலையுமென்று திறப்பதையே மறந்துவிடுகிறோம். ஏ.சி. எந்திரம் அறையின் வெப்பத்தை எடுத்து அடுத்த வீட்டுச் சன்னலின் மேல் ஊதுகிறது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் மூங்கில் நிற்கிறது. மாடியில் செயற்கைப் புல்விரிப்பு வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாதபடி கொதிக்கிறது. முன்வாசலில் நின்ற வேப்பமரம்? வாகனம் நிறுத்த இடம் வேண்டுமென்று அதை வெட்டிவிட்டோம். உயிருள்ள மரத்தை வெளியே வெட்டி, உயிரற்ற மரத்தை உள்ளே நட்டு, அதற்கு 'இயற்கை அலங்காரம்' என்று பெயர் சூட்டிக்கொண்டோம்.

தோலை அறிந்தவர்களே!

இந்தப் போலியை இனங்காண வேறு எவரும் தடுமாறலாம். நாம் தடுமாறக் கூடாது. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் பகுதியின் மக்கள் நாம். நம் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் தோலிலும் காலணியிலும் உழைத்து உண்பவை. ஒரு துண்டைக் கையில் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டே இது தோல், இது ரெக்ஸின் என்று சொல்லிவிடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தோலுக்கு ஒரு மணம் உண்டு. விரலுக்கு அடியில் மேடுபள்ளம் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, நல்ல தோல் பயன்படப் பயன்படப் பதமாகிறது. கைபட்ட இடம் மெருகேறுகிறது. கிழிந்தால் தைக்கலாம், வறண்டால் எண்ணெய் பூசலாம். துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிய ரெக்ஸினோ, வாங்கிய நாளில்தான் மிக அழகாக இருக்கிறது. மறுநாளிலிருந்து தேய்வுதான். சில கோடைகள் கழிந்ததும் செதில் செதிலாக உரிகிறது. உரிந்ததை ஒட்ட முடியாது, தைக்க முடியாது, தூக்கி எறியத்தான் முடியும்.

பட்டறையில் இவ்வளவு தெளிவாக இருக்கும் அறிவு வீட்டு நிலைப்படியைத் தாண்டும்போது எங்கே போய்விடுகிறது? தேக்கு ரேகை அச்சிட்ட மைக்கா, சலவைக்கல் போலத் தோன்றும் பிவிசி பேனல், கல் போல் வார்த்த தெர்மோகோல், பிரம்பு போல் பின்னிய பிளாஸ்டிக் ஆகிய எல்லாமே சுவரின் ரெக்ஸின்கள், தரையின் ரெக்ஸின்கள் அல்லவா?

தோல் நமக்குக் கற்றுத் தந்த இன்னொரு பாடமும் உண்டு. அது கசப்பானது. ஒரு காலத்தில் இப்பகுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பின்னர் விரைவும் மென்மையும் வேண்டி குரோமியம் வந்தது. பளபளத்த தோல் உலகெங்கும் வரவேற்பறைகளுக்குப் போயிற்று. அதன் கழிவு பாலாற்றுக்கும் நம் கிணறுகளுக்கும் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 29 ஆண்டுகள் நெருங்கிய நிலையில், 2025 ஜனவரி 30 அன்று, அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. காரணம், பாதிக்கப்பட்டோருக்கு முழு நியாயம் இன்னும் கிடைக்கவில்லை. ஒரு வீட்டின் கூடத்தில் காணும் மினுமினுப்புக்கு வேறொரு வீட்டின் கிணறு விலை கொடுக்கிறது என்பதை இந்தியாவில் எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த விலையைக் கொடுத்தவர்கள் நாம். அப்படியிருக்க, எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று கேட்காமல் நம் சுவரில் பிளாஸ்டிக்கை அறையலாமா?

காலதர் என்னும் சொல்

இயற்கையைத் தழுவிய வீடு நமக்குப் புதிதன்று. சன்னலுக்குத் தமிழில் 'காலதர்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்றின் வழியே சன்னல். அதை வெறும் கண்ணாடிச் சட்டமாகவோ திரைச்சீலை மாட்டும் இடமாகவோ நம் மொழி கருதவில்லை. சங்க இலக்கியமான நெடுநல்வாடை, வேனிற்காலத்தில் தென்றலைப் பெறுவதற்கென்றே சாளரம் அமைந்த படுக்கையிடத்தைக் காட்டுகிறது. வாடைக்காலத்தில் அதன் கதவுகள் அடைத்துக் கிடப்பதையும் காட்டுகிறது. பருவத்துக்கேற்பத் திறந்தும் மூடியும் வாழும் வீடு அது. அங்கே இயற்கை சுவரில் தொங்கவில்லை. சுவரின் வழியாக வந்து போயிற்று.

வீட்டு உள்ளமைப்பில் இயற்கையைப் பின்பற்றுவது என்றால் இலையின் வடிவத்தை வரைவது என்று பொருளன்று. இலை செய்யும் வேலையைச் செய்வது என்று பொருள். இலை நிழல் தருகிறது, மூச்சுவிடுகிறது, முதிர்கிறது, உதிர்ந்த இடத்தில் உரமாகிறது. நம் முன்னோர் பயன்படுத்திய பொருள்களைப் பாருங்கள். தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்திட்டு அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் கூரை வெயிலை எளிதில் உள்ளே விடாது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கித் திரும்ப வெளிவிடும். சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மீண்டும் பெற்றுக்கொண்டே இறுகும். அக்காரைக்கு உறுதி சேர்க்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்தார்கள். நம் தோலைப் பதனிட்ட அதே கடுக்காய்தான் நம் சுவரையும் பதப்படுத்தியது என்பதை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது. கோடையில் பாதத்தைக் குளிர்வித்து, ஆண்டுகள் செல்லச் செல்ல மெருகேறும் ரெட் ஆக்சைடு தரை, அலமாரித் தட்டாய் நின்று தலைமுறைகளைக் கடக்கும் கடப்பா கல், காரைக்குடிப் பக்கத்துக் கைவினைஞர் கண்ணாடியின் மேல் வார்த்தெடுக்கும் ஆத்தங்குடிக் கற்கள், வந்தவாசிக் கோரைப்பாய் முதலியவற்றில் எதுவும் வேறொன்றாக நடிப்பதில்லை. மண் மண்ணாக, கல் கல்லாக, கோரை கோரையாக இருக்கிறது.

ஆகவே ஒரு பொருளை வீட்டுக்குள் அனுமதிக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம். பழுதானால் இதை நம் தெருவில் யாராவது சரிசெய்ய முடியுமா? பழையதானால் இது முதிர்ந்து அழகு பெறுமா, உரிந்து அருவருப்பாகுமா? கழித்துவிட்டால் இது எங்கே போய்ச் சேரும்? 'நீடித்து உழைக்கும்' என்று அட்டையில் அச்சிட்டிருப்பது சான்றாகாது. பிவிசி நீடிக்கத்தான் செய்கிறது. நம் வீட்டில் சில ஆண்டுகள், குப்பைமேட்டில் பல தலைமுறைகள். எரித்தால் அதன் நச்சுப்புகை குப்பைமேட்டுக்கு அருகில் வாழும் ஏழையின் நுரையீரலில் நீடிக்கிறது. நீடிப்பு என்பது பழுதுபார்த்துப் பழுதுபார்த்துப் பயன்படுத்தத் தக்கதாய் இருப்பது. வீட்டுக்கும் இது பொருந்தும், திருமணத்துக்கும் பொருந்தும்!

மறுப்புகள்

"இதெல்லாம் வசதி படைத்தவர்களுக்கு" என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்ப்போம். இயற்கைப் பொருள் என்றவுடன் சந்தை நமக்குக் காட்டுவது இறக்குமதி மரமும் இத்தாலியச் சலவைக்கல்லும். நான் சொல்வது அவற்றையல்ல. மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூச என்ன செலவாகும்? மேற்குச் சன்னலுக்கு வெளியே ஒரு தட்டியோ கோரைத் திரையோ கட்ட என்ன ஆகும்? சன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வைக்க? வாசலில் ஒரு வேம்பையோ புங்கையோ நட்டு மூன்று கோடைகள் நீர் ஊற்ற? படத்தொகுப்பு கேட்கும் தொகையில் இவையெல்லாம் ஒரு சிறு பகுதிக்கும் வாரா. நம்மில் பலர் அத்தொகைக்காகத் தவணைக் கடன் வாங்குகிறோம். கடைசித் தவணையைக் கட்டும் முன்பே மைக்காவின் ஓரம் பெயர்ந்துவிடுகிறது. உண்மையில் ஏழைக்குத்தான் அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள் கட்டுபடியாகாது.

"சுத்தம் செய்ய எளிது; கரையான் அரிக்காது" என்பது அடுத்த வாதம். எளிது என்பதை ஒப்புக்கொள்வோம். சமையலறையில் வேலை செய்யும் பெண்களின் உழைப்பை மறந்து பழமை பாடுவது நேர்மையன்று. கடப்பா கல்லும், மெருகிட்ட சிவப்புத் தரையும் ஈரத்துணிக்கே அடங்குபவை என்பதையும் அவர்கள் அறிவார்கள். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையோ நீர் பட்டால் ஊதிப் பிளக்கும், ஊதியது மீளாது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததை நாம் மறக்கவில்லை. நீர் புகுந்த வீட்டில் கல்லையும் கட்டிமரத்தையும் கழுவிக் காயவைக்கலாம். அந்தப் பலகையை அள்ளிக் கொட்டத்தான் வேண்டும். மேலும் அத்தகைய பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு மெல்லக் கசியக்கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றுள் வகைப்படுத்தியது. எல்லாப் பலகையும் ஆபத்தான அளவில் கசிவதில்லை. காற்றோட்டமுள்ள அறையில் அது தங்குவதுமில்லை. ஆனால் நம் அறைகள்தான் பூட்டியிருக்கின்றனவே!

"சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எங்கே கிடைக்கிறார்?" என்று கேட்பார்கள். கிடைப்பது அரிதுதான். ஏன் அரிதாயிற்று? நாம் அழைக்காததால். ஒரு தொழிலை அழைக்காமலே கொன்றுவிட்டு, அது உயிரோடு இல்லை என்று குறைகூறுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பிரம்பு பின்னுபவர், பாய் முடைபவர், குயவர், பழைய கதவுக்கு உயிர் கொடுக்கும் தச்சர் ஆகிய ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்து வீடுகள் அழைத்தால் பிழைத்துக்கொள்வார்கள்.

முடியாது என்பவர்கள் லாரி பேக்கரின் வாழ்வை எண்ணிப் பார்க்கட்டும். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 1945-இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்த அக்கட்டடக் கலைஞர் குவேக்கர் சபையைச் சார்ந்தவர். அவரைத் திருவனந்தபுரத்தில் ஏழைகளுக்கான வீடுகள் கட்ட அழைத்தவரோ ஒரு கத்தோலிக்கப் பேராயர், பெனடிக்ட் மார் கிரகோரியோஸ். செங்கற்களைக் குத்திட்டு அடுக்கி நடுவே வெற்றிடம் விடும் 'ராட் டிராப்' முறையால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல்லை அவர் மிச்சப்படுத்தினார். அந்த வெற்றிடமே வெப்பத்தையும் தடுத்தது. விலையுயர்ந்த சன்னல்களுக்குப் பதிலாகச் செங்கல்லில் துளைகள் விட்டுக் காற்றையும் ஒளியையும் வடிகட்டினார். இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளைத் தேடி எடுத்துப் பயன்படுத்தினார். சுவரைப் பூசி மறைக்காமல் செங்கல்லைச் செங்கல்லாகவே காட்டினார். சிறீகாரியத்தில் இயேசு சபையினரின் லொயோலா சிற்றாலயம் அவர் கைவண்ணமே. 2007-இல் அவர் மறைந்தார். அவர் கட்டிய சுவர்கள் நிற்கின்றன. எளிமையே அவற்றின் அலங்காரம்.

கேதுரு மரம் போதாது

எனினும் எதிர்த்தரப்பில் ஒரு வாதம் வலுவானது. அதை மறைத்து வெற்றி கொண்டாட நான் விரும்பவில்லை. "இயற்கைப் பொருள் மட்டும் குற்றமற்றதா? தேக்குக்காகக் காடு அழிகிறது. கிரானைட்டுக்காகக் குன்று வெடிக்கப்படுகிறது. மணலுக்காக உங்கள் பாலாறே சுரண்டப்பட்டதே" என்பார்கள். உண்மைதான். மறுக்கவே முடியாது.

இதற்கு விடையை மறைநூலிலிருந்தே பெறலாம். இறைவாக்கினர் எரேமியா தம் நூலின் 22-ஆம் அதிகாரத்தில் அரசன் யோயாக்கிமைக் கண்டிக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். அது ஒரு வீட்டு அலங்காரத்தைப் பற்றிய கண்டனம். அவன் பரந்த மேலறைகள் கட்டினான், பெரிய சாளரங்கள் வைத்தான், கேதுரு மரப் பலகையால் சுவரை மூடினான், செந்நிறம் பூசினான். போலி எதுவுமில்லை, லெபனோனின் கேதுரு உண்மையான மரம்தான். ஆனால் வேலை செய்தவர்களுக்கு அவன் கூலி கொடுக்கவில்லை. கேதுருவில் போட்டியிடுவதாலா நீ அரசன் என்பது போல இறைவாக்கினர் அவனை வினவுகிறார்; ஏழைக்கு நீதி வழங்கிய அவனுடைய தந்தையை நினைவூட்டுகிறார். பனைமரங்களும் மலர்களும் செதுக்கிய சாலமோனின் ஆலயத்துக்கும் கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்கப்பட்ட செய்தி மறைநூலிலேயே பதிவாகியுள்ளது. எனவே பொருள் இயற்கையானதாய் இருந்தால் மட்டும் போதாது. அது அளவோடு எடுக்கப்பட்டதா, அதைச் செய்த கைக்கு உரிய கூலி போயிற்றா, அதனால் அயலானின் நீரும் காற்றும் கெடாதிருக்கின்றனவா என்று கேட்க வேண்டும்.

ஆதலால் என் வாதத்தின் முதற்படி எதையும் வாங்குவதன்று, இருப்பதைக் காப்பது. பாட்டி வீட்டுப் பத்தாயப் பலகையில் ஓர் இருக்கை செய்யலாம். பழைய வேப்பமரக் கதவைத் தேய்த்து எண்ணெய் பூசலாம். உடைந்த சிவப்புத் தரையில் ஒட்டுப்போடலாம். ஒட்டுப் போட்ட தரை வெட்கத்துக்குரியதன்று. புதிதாய் வெட்டிய தேக்கைவிடப் பழைய வேம்பு இயற்கைக்கு நெருக்கமானது. ஒரு சுவரை வெறுமையாக விடுவது எல்லாவற்றையும்விடச் சிக்கனமான, சில வேளைகளில் எல்லாவற்றையும்விட அழகான அலங்காரம்.

நம் ஆலயங்களையும் பார்ப்போம்

இல்லங்களை மட்டும் குறைகூறி நிறுத்தினால் அது நீதியாகாது. பீடத்தின் மேல் பிளாஸ்டிக் லில்லி, கெபியைச் சுற்றிச் செயற்கைக் கொடி, உயரமான பழைய கூரையை மறைக்கும் ஃபால்ஸ் சீலிங், அதனால் புழுங்கும் ஆலயம், புழுக்கத்தைப் போக்க இன்னும் சில மின்விசிறிகள் - இவற்றை நாம் எங்குமே கண்டதில்லை என்று சொல்ல முடியுமா? மக்கள் தங்கள் இல்லத்துக்கு மாதிரியாக ஆலயத்தையே நோக்குகிறார்கள். உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் போதனை ஆலய அலங்காரத்தைப் பற்றிப் பேசும்போது, பகட்டைவிட மேன்மையான எளிமையைக் கேட்கிறது. பொருள்கள் உண்மையானவையாய் இருக்கக் கவனம் கொள்ளச் சொல்கிறது. பீடத்துக்கு முன் ஒரு செம்பருத்தி வாடினால் அது குறையாகாது. அது நேற்று உயிரோடிருந்தது என்பதற்குச் சான்று. வாடாத பூ எதையும் காணிக்கையாக்குவதில்லை; அதற்கு இழக்க எதுவுமில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் பனிமலைகளையும் பெருங்கடல்களையும் பற்றி மட்டும் பேசவில்லை. நாம் வாழும் அறை, வீடு, தெரு ஆகியவை நம் எண்ணத்தையும் உணர்வையும் செயலையும் உருவாக்குகின்றன என்று அது சுட்டிக்காட்டுகிறது. வாங்கி எறியும் பண்பாட்டைக் கண்டிக்கிறது. அம்மடலை அன்பியக் கூட்டங்களில் வாசித்தோம்; கருத்தரங்குகள் நடத்தினோம். கருத்தரங்க மேடையின் பின்னணியில் தொங்கியது பிளாஸ்டிக் பதாகை!

மருத்துவமனைகளால் பெயர் பெற்ற வேலூர் அறிய வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டும் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். கடும் வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அங்கே மருந்தாக நின்றது சன்னலுக்கு வெளியே இருந்த மரம். நம் வீட்டில் முதியவர் படுத்திருக்கும் கட்டிலை எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறோம்? தொலைக்காட்சியைப் பார்த்தா, சன்னலைப் பார்த்தா?

செய்ய வேண்டியது

அன்பர்களே, வீடு கட்டப்போகிறவர்களும், வீட்டைப் புதுப்பிக்க எண்ணுகிறவர்களும் வரிசையை மாற்றுங்கள். முதலில் கூரை, அதன்மேல் விழும் வெயிலைத் தடுங்கள். அடுத்து மேற்குச் சுவர். அதற்கு நிழல் கொடுங்கள். பிறகு சன்னல். உலர்வெப்பப் பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கும், ஈரவெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கும் திறப்பு இருக்க வேண்டும் என்பது கட்டட விதித்தொகுப்பின் அளவு. உங்கள் அறைகளை நாடாவைக் கொண்டு அளந்து பாருங்கள். எதிரெதிரே இரண்டு திறப்புகள் இருந்தால்தான் காற்று நடக்கும். பிறகு தரை. அதன்பின் தேவையான இருக்கையும் அலமாரியும். இத்தனைக்கும் பிறகு பணம் மிஞ்சினால் அலங்காரம். அநேகமாக அப்போது அலங்காரம் தேவைப்படாது. காற்று உலவும் அறையில் பிற்பகல் வெளிச்சம் தரையில் நகர்ந்து செல்வதைவிட நல்ல ஓவியத்தை எவரும் விற்கவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவருக்கும் இதில் பங்குண்டு. ஒரு மண்பானை, ஒரு கோரைப்பாய், கொசுவலை அடித்த ஒரு திறந்த சன்னல், மாடியில் இரண்டு தொட்டி துளசியும் கற்பூரவல்லியும் போதும். அடுத்த வீட்டுக்காரரின் மேல் வெப்பத்தை ஊதாமல், ஆற்றங்கரையில் குப்பையைக் கூட்டாமல், தவணைக்காரருக்கு அஞ்சாமல் உறங்கலாம்.

பங்குப் பேரவைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு ஆலயத்துக்கோ பங்கு மன்றத்துக்கோ எதையேனும் புதுப்பிக்க எண்ணினால், விலைப்புள்ளி கேட்குமுன் நம் பங்கிலேயே உள்ள கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துக் கலந்து பேசுங்கள். பிளாஸ்டிக் பூக்களைப் பீடத்திலிருந்து அகற்றுங்கள். அன்பியம் ஒன்றுக்கு ஒரு மரம் நட்டு, அதற்கு நீர் ஊற்றும் பொறுப்பைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள்.

புதுமனையை மந்திரிக்கும் குருவானவர் தீர்த்தம் தெளிக்கும்போது அது நம் சுவரின்மேல் விழுகிறது. சுண்ணாம்புச் சுவர் அந்நீரைக் குடித்துக்கொள்ளும். வினைல் சுவரில் அது வழிந்து தரையில் விழும். எத்தகைய சுவரை எழுப்பப் போகிறோம் என்பதை, படத்தொகுப்பைத் திறக்குமுன் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யுங்கள். அமரும்போது சன்னலைத் திறந்து வையுங்கள்.